பைக்கை விற்றுவிட்டு ஸ்கூட்டர் வாங்கினால் முதுகு வலி போகுமா?

கேள்வி: எனக்கு வயது 41. ஒரு நிதி நிறுவனத்தில் வசூல் வேலை. எரியோடு, குஜிலியம்பாறை பக்கம் கிராமம் கிராமமாகப் போக வேண்டும். தினமும் 80, 90 கிலோமீட்டர் ஆகிவிடும். ஒன்பது வருடம் ஓடிய 100 சிசி பைக். நான்கு மாதமாக இடுப்பு வலி. வலது பக்கப் பிட்டத்திலிருந்து தொடையின் பின்பக்கமாக இறங்கி முழங்காலோடு நிற்கிறது. ராத்திரியில் வலது கைப் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய் முழிப்பு வந்துவிடுகிறது. கையை உதறினால் சரியாகிறது. மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரையைப் போட்டால்தான் வண்டி எடுக்க முடிகிறது. எம்ஆர்ஐ ஸ்கேனில் ‘டிஸ்க் பல்ஜ்’ என்று எழுதியிருக்கிறார்கள். வண்டியை விற்றுவிட்டு ஸ்கூட்டர் வாங்கு என்கிறார்கள் வீட்டில். வாங்கலாமா? தினமும் வண்டி ஓட்டினால் சூட்டில் மூலம் வரும் என்றும் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
– பெயர் வேண்டாம், வேடசந்தூர்

பதில்: ஸ்கூட்டர் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். முதுகுக்காக என்றால் அது பெரும்பாலும் தப்பான பேரம். உங்கள் பைக்கின் சக்கரம் 17 அல்லது 18 அங்குலம் இருக்கும். ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் 10, 12 அங்குலம்தான். சின்னச் சக்கரம் பள்ளத்துக்குள் முழுசாக இறங்கி ஏறும். போதாக்குறைக்கு, ஸ்கூட்டரில் கால் இரண்டும் முன்னால் பலகையில் இருப்பதால் இடுப்பைத் தூக்கிக் குலுங்கலைத் தப்பிக்கவும் முடியாது. பைக்கில் ஃபுட்ரெஸ்டை மிதித்து லேசாக எழுந்துகொள்ளலாம். தார் ரோட்டிலேயே ஓடுபவருக்கு ஸ்கூட்டர் சரி. உங்கள் பக்கத்துக் கிராமச் சாலைகளுக்குப் பைக்தான் நல்லது.

ஆனால் ஒன்பது வருடம் ஓடிய வண்டி என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். முதுகைப் பரிசோதிப்பதற்கு முன்னால் வண்டியின் பின்பக்கத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

வண்டியிலிருந்து உடம்புக்கு இரண்டு விதமான அதிர்வு வருகிறது. ஒன்று இன்ஜினுடையது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது உங்கள் இன்ஜின் நிமிடத்துக்கு 4,500, 5,000 சுற்று சுற்றும். அதாவது வினாடிக்கு 75, 80 தடவை. இந்தப் பொடி நடுக்கம் முதுகெலும்பு வரை பெரிதாக ஏறாது. கையிலும் பாதத்திலுமே தேய்ந்துவிடும். இன்னொன்று ரோடு கொடுக்கும் குலுக்கல். அது மெதுவானது, வினாடிக்குச் சில தடவைதான். உட்கார்ந்திருக்கும் மனிதனின் முதுகெலும்பு வினாடிக்கு 4 முதல் 8 தடவை வரும் மேல்கீழ் ஆட்டத்துக்குத்தான் அதிகம் வசப்படும். அந்த வேகத்தில் சீட் ஆடினால், சீட்டை விட முதுகு அதிகமாக ஆடும். அதைத் தடுக்கத்தான் டயரில் காற்று, பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பர், சீட்டுக்குள் ஸ்பாஞ்ச். இந்த மூன்றும் தளர்ந்துவிட்டால் மிச்ச வேலையை முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் உங்கள் டிஸ்க்தான் செய்ய வேண்டும்.

காற்றிலிருந்து ஆரம்பியுங்கள். பெரும்பாலான 100 சிசி வண்டிகளுக்கு முன்சக்கரத்தில் 25, ஆள் ஒருவராகப் போனால் பின்சக்கரத்தில் 28 பிஎஸ்ஐ அளவு போதும். உங்கள் வண்டிக்கான சரியான எண் கையேட்டில் இருக்கும். பங்க்கில் கேட்காமலேயே நாற்பது வரை ஏற்றிவிடுகிறார்கள். மைலேஜ் கிடைக்கும் என்று நாமும் தலையாட்டுகிறோம். தனி ஆளாகப் போகும்போது அந்தக் கல் மாதிரி டயர் ஒவ்வொரு ஜல்லியையும் முதுகுக்குச் சொல்லிவிடும்.

அப்புறம் ஷாக் அப்சார்பர். சென்டர் ஸ்டாண்டை எடுத்துவிட்டு, பின்சீட்டில் இரண்டு கையையும் ஊன்றி பலமாக அமுக்கிவிடுங்கள். வண்டி ஒரு தடவை மேலே வந்து அடங்க வேண்டும். மூன்று நான்கு தடவை துள்ளினால் உள்ளே ஆயில் இல்லை, ஸ்பிரிங் மட்டும்தான் இருக்கிறது. குனிந்து பாருங்கள்: ராடில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் புழுதியும் ஒட்டியிருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். இரண்டு ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே மாற்றுங்கள். ஸ்கேனுக்குக் கொடுத்த பணத்தைவிடக் குறைவாகத்தான் ஆகும். பல வண்டிகளில் ஷாக் அப்சார்பரின் அடியில் படிப்படியாகத் திருகும் வளையம் ஒன்று இருக்கும். எப்போதோ குடும்பத்தோடு போனபோது மெக்கானிக் கடைசிப் படிக்குத் திருகியிருப்பார், வருடக்கணக்காக அப்படியே கிடக்கும். தனியாக ஓட்டுபவருக்கு முதல் அல்லது இரண்டாவது படி போதும்.

சீட்டில் நீங்கள் உட்காரும் இடத்தைப் பெருவிரலால் அழுத்துங்கள். உடனே அடித்தகடு தட்டுப்பட்டால் ஸ்பாஞ்ச் செத்துப்போயிற்று. குஷன் கடையில் புது ஸ்பாஞ்ச் போடச் சொல்லுங்கள், மேலே ரெக்ஸின் மட்டும் மாற்றிக்கொண்டு வந்துவிடாதீர்கள். மெத்துமெத்தென்றும் வேண்டாம். உட்கார்ந்தவுடன் அமுங்கிப்போகும் சீட்டில் இடுப்பு பின்பக்கம் சாய்ந்து, முதுகு கூன் விழும்.

இனி உங்களைப் பார்ப்போம். வலி வலது பிட்டத்தில் என்று படித்ததுமே எனக்கு வந்த கேள்வி: பர்ஸ் எந்தப் பாக்கெட்டில்? வசூல் வேலையில் இருப்பவர்களின் பர்ஸ் எப்படி இருக்கும் என்று தெரியும். ரசீது, ஆதார் நகல், விசிட்டிங் கார்டு எல்லாம் சேர்ந்து செங்கல் கனம் இருக்கும். அதன்மேல் தினமும் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு ஒரு பக்கம் சாயும், பிட்டத்தின் அடியில் ஓடும் சியாட்டிக் நரம்பு நசுங்கும். அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 1978-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். இன்றைக்கே பர்ஸை முன்பாக்கெட்டுக்கு மாற்றுங்கள். வசூல் பையை ஒரே தோளில் மாட்டிக்கொள்ளாமல் டேங்க் மேலோ கேரியரிலோ வையுங்கள்.

ஓட்டும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்கட்டும், முழங்கால் டேங்க்கைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் அதற்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, ஏறும் நேரத்தில் பிரேக்கை விட்டுவிடுங்கள். முன்பிரேக்கைப் பிடித்தபடியே ஏறினால் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், அடி நேராக மேலே வரும். அந்த ஒரு நொடி பிட்டத்தைச் சீட்டிலிருந்து இரண்டு விரல் உயரம் தூக்கினால் போதும், அடியை முழங்கால் வாங்கிக்கொள்ளும்.

உங்கள் தொழிலில் ஒரு வசதி இருக்கிறது. ஊருக்கு ஊர் நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஆனால் பலர் வண்டியிலிருந்து இறங்குவதில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு, டேங்க் மேல் நோட்டை வைத்துக் குனிந்து எழுதி, அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். இறங்குங்கள். இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, மெதுவாகப் பின்னால் ஐந்தாறு தடவை வளையுங்கள். அப்படி வளையும்போது வலி கால் பக்கம் கீழே இறங்கினால் மட்டும் நிறுத்திவிடுங்கள். நீண்ட ஓட்டத்திலிருந்து இறங்கியதும் கனமான எதையும் குனிந்து தூக்காதீர்கள். பழைய வண்டி ஆயிற்றே, பேட்டரி இறங்கி கிக்கர்தான் உதைக்கிறீர்கள் என்றால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். சென்டர் ஸ்டாண்டு போடும்போது வண்டியைக் கையால் தூக்கக் கூடாது. ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையில் சமமாகப் பட்டதும், மிதிப்பில் உடம்பு எடை முழுவதையும் போட்டால் வண்டி தானாகப் பின்னால் ஏறிக்கொள்ளும். கை பிடித்துக்கொள்வதற்கு மட்டும்தான்.

எம்ஆர்ஐ பற்றிப் பயப்பட வேண்டாம். வலி எதுவும் இல்லாத நாற்பது வயதுக்காரர்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும் ஏறத்தாழ பாதிப் பேருக்கு டிஸ்க் பல்ஜ், அதாவது டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருப்பது தெரியும். நரை முடி மாதிரி அதுவும் வயதோடு வருவது. வலி முழங்காலுக்குக் கீழே இறங்கவில்லை, காலில் பலம் குறையவில்லை என்றால் ஆபரேஷன் என்ற பேச்சே இப்போது வேண்டாம். தினமும் அரை மணி நேரம் நடங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் தூக்கிப் பத்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குங்கள். காலையும் மாலையும் பத்துப் பத்து. பெல்ட் கட்டுவதென்றால் வலி கடுமையாக இருக்கும் சில நாள் மட்டும். மாதக்கணக்கில் கட்டினால் தசைக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்: சிறுநீர் போவது தெரியாமல் போவது அல்லது போகாமல் அடைப்பது, ஆசனவாயைச் சுற்றி உணர்வு மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு கழன்று விழுவது. விடாத காய்ச்சல், எடை குறைவது, படுத்தாலும் விடாத ராத்திரி வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் அது அபூர்வம் அல்ல.

வலி மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். நான்கு மாதமாகவா போடுகிறீர்கள்? வெயிலில் ஓடுகிறீர்கள், வழியில் கழிப்பறை இல்லை என்று தண்ணீரும் குறைத்துக் குடிப்பீர்கள். வறண்ட உடம்பில் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தையும் வயிற்றையும் நேராகத் தாக்கும். நிறுத்துங்கள். தாங்க முடியாத நாளில் பாராசிட்டமால் போடலாம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். இரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் அவசரம்.

கை மரத்துப்போவது தனிக் கதை, அதற்கும் டிஸ்க்குக்கும் முடிச்சுப் போட வேண்டாம். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று நீங்கள் பிரித்து எழுதியது நல்லதாகப் போயிற்று. ராத்திரியில் எழுப்புவதும், உதறினால் விடுவதும் சேர்ந்தால் மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்கும் கார்பல் டனல் தொந்தரவாகத்தான் பெரும்பாலும் இருக்கும். சுண்டுவிரல் மரத்தால் அது வேறு நரம்பு. வீட்டிலேயே ஒரு சோதனை: இரண்டு புறங்கையையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் தரையைப் பார்க்கும்படி மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருங்கள். அதே விரல்களில் மதமதப்பு வந்தால் சந்தேகம் உறுதிப்படும்.

வலது கையில் மட்டும் ஏன்? ஆக்ஸிலேட்டரை முறுக்கி வைத்திருக்கும் கை அதுதான். மணிக்கட்டு பின்பக்கம் மடங்கியே இருந்தால் அந்தக் குறுகலான பாதைக்குள் அழுத்தம் கூடும். இன்ஜின் நடுக்கமும் அதே இடத்தில்தான் வந்து சேரும். மெக்கானிக்கிடம் சொல்லி பிரேக் லீவரைக் கொஞ்சம் கீழ்ப்பக்கமாகச் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோட்டில் வர வேண்டும், அதுதான் கணக்கு. கல்லாகிப்போன கிரிப் ரப்பரை மாற்றுங்கள். இன்ஜினைத் தாங்கும் போல்ட்டுகளை முடுக்கி, செயினையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். கிரிப்பை நெரிக்காமல் பிடியுங்கள். அறுபதுக்கு மேல் நடுக்கம் கையில் தெரிகிறதென்றால் ஐம்பதிலேயே போங்கள், பெட்ரோலும் மிச்சம்.

ஆனால் எல்லாப் பழியையும் வண்டி மேல் போட்டுவிட முடியாது. சர்க்கரை நோயும் தைராய்டு குறைவும் இதே மாதிரி கையை மரக்க வைக்கும். சர்க்கரைக்கு எச்பிஏ1சி, தைராய்டுக்கு டிஎஸ்எச் என்று இரண்டு ரத்தப் பரிசோதனையும் இந்த வாரமே செய்யுங்கள். மெடிக்கலில் கார்பல் டனல் ஸ்பிளிண்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள். மணிக்கட்டு நேராக இருக்கும்படி ராத்திரி மட்டும் ஆறு வாரம் கட்டிக்கொள்ளுங்கள். ஆறு வாரத்தில் குறையவில்லை என்றால் நரம்பு மின்கடத்தல் பரிசோதனை தேவைப்படும். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள், தேவைப்பட்டால் அங்கிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். பெருவிரலின் அடிச்சதை மெலிந்தாலோ, சட்டைப் பட்டன் போடத் தடுமாறினாலோ ஆறு வாரம் காத்திருக்காதீர்கள். அது நரம்பு சாகிறது என்பதன் அடையாளம்.

கடைசியாக மூலம். பைக் சீட்டின் சூட்டால் மூலம் வராது. மலச்சிக்கலால் வரும், முக்கி முக்கிப் போவதால் வரும். வழியில் டீயும் வடையுமாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடிக்காமல், காலையில் வந்த உணர்வை அடக்கிக்கொண்டு வண்டி எடுப்பவருக்கு மலச்சிக்கல் வரத்தான் செய்யும். ஒரு லிட்டர் பாட்டிலைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், மதியத்துக்குள் காலி செய்துவிட்டு மறுபடி நிரப்புங்கள். கொய்யா, வாழைப்பழம், கீரை சேர்த்துக்கொள்ளுங்கள். மலத்தோடு ரத்தம் போனால் மட்டும் சூடு என்று வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.