விமானத்தில் மின்தீ: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: விமானி அறையில் வயர் கருகும் வாடை வந்தால் விமானிகள் முதலில் என்ன செய்வார்கள்?

பதில்: ஆக்சிஜன் முகமூடியை மாட்டிக்கொள்வார்கள். 100 சதவீத ஆக்சிஜன் வரும்படி வைத்து, ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கிறதா என்று பார்ப்பார்கள். தீயைத் தேடுவது அதற்குப் பிறகுதான். சந்தேகப்படும் கருவிக்கு மின்சாரத்தை நிறுத்தினாலே பல நேரம் புகை அடங்கிவிடும். அடங்காவிட்டால் காரணத்தைத் துருவிக்கொண்டிருக்காமல் அருகிலுள்ள ஓடுதளத்துக்குத் திரும்ப வேண்டும். 1998 செப்டம்பரில் நியூயார்க்கிலிருந்து ஜெனீவா சென்ற சுவிஸ்ஏர் 111 விமானத்தில், வாடை தெரிந்த பிறகு கடலில் விழும்வரை சுமார் 21 நிமிடங்களே இருந்தன. 229 பேரும் இறந்தார்கள். கூரைக்கு மேல் வயரில் எழுந்த மின்பொறி, வெப்பக் காப்பு விரிப்புகளின் உறையைப் பற்றிக்கொண்டது. உடனே திரும்பியிருந்தாலும் தரையிறங்க நேரம் போதியிருக்காது என்றது விசாரணை. அந்த வகை உறையை விமானங்களிலிருந்து அகற்ற அமெரிக்கா பின்னர் உத்தரவிட்டது. எளிதில் எரியும் பொருளை விமானத்துக்குள் வைக்காமலிருப்பதுதான் முதல் தீயணைப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: ட்ரிப் ஆன சர்க்யூட் பிரேக்கரை மறுபடி அழுத்தலாமா?

பதில்: கூடாது. சர்க்யூட் பிரேக்கர் என்பது கோளாறு வந்தால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் (ட்ரிப் ஆகும்) சுவிட்ச். பாதுகாப்பாகப் பறக்க இன்றியமையாத கருவி என்றால் மட்டும், தலைமை விமானி முடிவெடுத்து ஒரே ஒரு முறை. அது ட்ரிப் ஆனதே எங்கோ கோளாறு என்பதற்கான அறிவிப்பு. 1983இல் ஏர் கனடா 797 விமானத்தில் கழிப்பறை மோட்டாரின் பிரேக்கர்கள் ட்ரிப் ஆயின. மீண்டும் அழுத்திப் பார்த்தும் அவை உள்ளே நிற்கவில்லை. தீயின் தோற்றம் கடைசிவரை உறுதியாகவில்லை. ஆனால் கழிப்பறையில் புகை தெரியும்வரை அந்த எச்சரிக்கையை யாரும் தீயோடு இணைத்துப் பார்க்கவில்லை. அமெரிக்காவின் சின்சினாட்டியில் தரையிறங்கிக் கதவுகள் திறந்ததும் காற்று புகுந்து, ஒன்றரை நிமிடத்துக்குள் பயணிகள் அறை முழுதும் எரிந்தது. 46 பேரில் 23 பேர் மாண்டனர். தரையோர வழிகாட்டி விளக்குகளும் கழிப்பறைப் புகை உணரிகளும் கட்டாயமானது இதன் பிறகே.

கேள்வி: புகை வந்தால் பயணிகளுக்கும் ஆக்சிஜன் முகமூடியை இறக்கலாமே?

பதில்: அந்த முகமூடி சுற்றியுள்ள காற்றையும் சேர்த்தே தருகிறது, புகையும் உள்ளே வரும். வெளியேறும் ஆக்சிஜன் தீயை வளர்க்கும். தலையைத் தாழ்த்தி, ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடுங்கள்.

கேள்வி: பவர் பேங்க் புகைந்தால்?

பதில்: கையில் எடுக்காதீர்கள்; உடனே பணியாளரை அழையுங்கள். ஹாலோன் வாயுத் தீயணைப்பான் சுடரை அடக்கும், ஆனால் லித்தியம் செல்லின் சூட்டைத் தணிக்காது. அடுத்தடுத்த செல்கள் வெடிக்காதிருக்கத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்ற வேண்டும். பனிக்கட்டி வைக்கக் கூடாது. சூடு உள்ளேயே அடைபடும். பவர் பேங்கைத் தலைக்கு மேலுள்ள பெட்டியில் போடாமல், புகைந்தால் உடனே கண்ணில் படும் இடத்தில் வைத்திருங்கள்.