காலிலிருந்து போன வலி இடுப்பில் ஏன் நிற்கிறது?

கேள்வி: எனக்கு வயது 47. வலங்கைமான் பக்கம் மூன்று ஏக்கர் நஞ்சை வைத்திருக்கிறேன். இடது காலில் சுண்டியிழுத்த வலிக்காக மார்ச் கடைசியில் எல்4–எல்5 ஜவ்வுக்கு அறுவை செய்துகொண்டேன். கண் விழித்தபோதே கால் வலி இல்லை. பதினொரு வாரம் ஆகிவிட்டது. இப்போது காலையில் இடுப்பு பலகைபோல் இறுகியிருக்கிறது. மாலையானால் இடது பிட்டத்திலும் தொடையிலும் எரிச்சல். கட்டைவிரல் இன்னும் மரத்தே இருக்கிறது. தரையில் இருபது நிமிடம் உட்கார முடியவில்லை. ஆபரேஷன் தோற்றுவிட்டது என்கிறார்கள் உறவினர்கள். எண்ணெய் போட்டு நீவிவிட்டால் சரியாகும் என்கிறார் ஒருவர். மறுபடி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா? மேட்டூர் திறந்தாயிற்று, குறுவைக்கு வயலில் இறங்கலாமா, எக்செல் வண்டி ஓட்டலாமா?

பதில்: கண் விழித்தபோதே கால் வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. ஜவ்வு, அதாவது இடுப்பின் நான்காம், ஐந்தாம் முதுகெலும்புகளுக்கு (எல்4, எல்5) நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு, அறுவை செய்யப்படுவதே அந்தக் கால் வலிக்காகத்தான். பிதுங்கிய வட்டு நரம்பு வேரை நசுக்குவதால்தான் காலில் வலி இறங்குகிறது என்று பாஸ்டன் நகர மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் 1934-இல் எழுதிக் காட்டியதிலிருந்து இன்றுவரை, நரம்பின்மேல் கிடக்கும் பாரத்தை எடுப்பதே இதன் நோக்கம். இடுப்பு வலியைப் போக்குவதாக இந்த அறுவை வாக்குக் கொடுப்பதில்லை. இதை அறுவைக்கு முன்பே உட்காரவைத்துச் சொல்ல வேண்டியது மருத்துவர்களாகிய எங்கள் கடமை; கையெழுத்து வாங்கும் அவசரத்தில் பல நேரம் அது விட்டுப்போகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வட்டு முழுவதையும் எடுத்துவிட்டதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் பிதுங்கி வந்த துண்டையும் உள்ளே தளர்ந்து கிடக்கும் சிறிது பகுதியையும் மட்டுமே எடுப்பார்கள். வாழை மரத்தைக் குறுக்கே வெட்டினால் நடுவில் தண்டும் அதைச் சுற்றி மட்டைமேல் மட்டையாக அடுக்கும் தெரியும் அல்லவா, வட்டின் அமைப்பும் ஏறக்குறைய அதுதான்: நடுவில் கூழ் போன்ற பொருள், சுற்றிலும் 15 முதல் 25 அடுக்கு நார் வளையம். வளையம் கிழிந்த வழியாகத்தான் கூழ் வெளியே வந்தது. அந்தக் கிழிசல் அறுவைக்குப் பிறகும் அங்கேயே இருக்கிறது. வெளி அடுக்குகளைத் தவிர வட்டில் ரத்தக் குழாயே கிடையாது என்பதால், தோலில் போட்ட தையல் பத்துப் பன்னிரண்டு நாளில் கூடுவதுபோல் அது கூடாமல், மாதக் கணக்கில் தழும்பாகத்தான் மூடும். அறுவைக்காக விலக்கப்பட்ட முதுகுத் தசையோ, அதற்கும் முன்பே வலிக்குப் பயந்து பல மாதம் உழைக்காமல் இளைத்துப்போனது. பழைய பாரம் மறுபடி வந்து சேரும்போது சுமக்க முடியாமல் இறுகிக்கொள்கிறது. நீங்கள் பலகை என்று எழுதியிருப்பது பெரும்பாலும் இந்த இறுக்கம்தான்.

காலையில் அது கூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரவு படுத்திருக்கும்போது வட்டு நீரை உறிஞ்சி ஊறுகிறது. அதனால் விடியற்காலையில் நாம் எல்லோருமே முந்தின மாலையைவிட 1 முதல் 2 சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறோம். ஊறிய வட்டு குனிவதற்கு இடம் கொடுக்காது, உள்ளழுத்தமும் அதற்கு அப்போது அதிகம். விடிந்தும் விடியாமலும் எழுந்து மண்வெட்டியோடு போய் மடை திறக்கக் குனிகிறோமே, வட்டுக்கு அதைவிடப் பாதகமான வேளை நாளில் வேறில்லை. எழுந்த பிறகு முதல் ஒரு மணி நேரம் குனியும் வேலை எதையும் செய்யாதீர்கள். முகம் கழுவும்போதுகூட முழங்காலைச் சற்று மடக்கி, முதுகை நேராக வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டைவிரல் மரத்திருப்பது தனிச் செய்தி. எல்4–எல்5 இடத்தில் வழக்கமாக நசுங்குவது எல்5 நரம்பு வேர். புறங்காலுக்கும் கட்டைவிரலுக்கும் உணர்வு கொண்டுவருவதும், விரலை மேலே தூக்கும் தசையை இயக்குவதும் அதுதான். நசுங்கிய காலத்தில் நரம்பிழையின் மேலுறை மட்டும் கெட்டிருந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்வு திரும்பிவிடும். இழையே அற்றிருந்தால் அது புதிதாக வளர்ந்து வர வேண்டும். வளரும் வேகம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். இடுப்பிலிருந்து கட்டைவிரல் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எங்கே போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலோருக்கு இரண்டு வகைச் சேதமும் கலந்திருப்பதால், ஒரு பங்கு முன்னதாகவும் மீதி ஓராண்டு, அதற்கு மேலும் மெல்ல மெல்லவும் திரும்புகிறது. சிலருக்குச் சிறிது மரப்பு நிலைத்தும் விடுகிறது. என்னிடம் வந்த ஒரு விவசாயி, செருப்பு கழன்று பத்தடி நடந்த பிறகுதான் கால் வெறுமையாக இருப்பதே தெரிகிறது என்றார். எட்டாம் மாதம் வந்தபோது, சேற்றில் இறங்கினால் அந்தக் காலுக்கும் சில்லென்று தெரிகிறது என்று சொல்லிச் சிரித்தார். அதுவரை முள் குத்தியது தெரியாத காலோடு நடமாட வேண்டியிருப்பதால், இரவில் படுக்கும் முன் உள்ளங்காலை வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். மரப்பு இரண்டு பாதத்திலும் காலுறை போட்டதுபோல் இருந்தால் சந்தேகப்பட வேண்டியது முதுகை அல்ல, சர்க்கரையை.

வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்பது எங்கள் வழக்கம். எனக்கு அதைவிட உதவுவது, அது இன்று எங்கே நிற்கிறது, போன மாதம் எங்கே நின்றது என்ற விவரம். பாதம் வரை ஓடிய வலி கெண்டைக்கால், தொடை, பிட்டம் என்று பின்வாங்கி மேலே ஏறினால், இடுப்பில் சற்றுக் கூடுதலாகவே வலித்தாலும், நரம்பு தேறுகிறது என்று பொருள். உங்கள் எரிச்சல் முழங்காலுக்கு மேலேயே நிற்பதும் மாலையில் மட்டும் வருவதும் எனக்குக் கவலை தரவில்லை. நாள் முழுவதும் உழைத்த நரம்பு களைப்பில் முணுமுணுப்பதாகவே அதை எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கு எதிரான வரலாறுகள் இரண்டு உண்டு. அறுவைக்குப் பிறகு ஒரு நாள்கூடக் கால் வலி விடவே இல்லை என்றால், துண்டு மிச்சம் இருக்கிறதா, நரம்பு வெளியேறும் துவாரம் எலும்பால் குறுகியிருக்கிறதா, அறுத்த இடம் சரிதானா என்று பார்க்க வேண்டும். சில வாரமோ மாதமோ நன்றாக இருந்துவிட்டு, ஒரு நாள் எதையோ தூக்கும்போதோ தும்மும்போதோ அதே காலில் அதே வலி பாதம் வரை பாய்ந்தால், வட்டு மறுபடி பிதுங்கியிருக்கலாம். நூற்றில் 5 முதல் 15 பேருக்கு இது நேர்கிறது, அதிலும் முதல் ஓராண்டில்தான் அதிகம். நீங்கள் எழுதியது இவை இரண்டிலும் சேராது. தோற்றுவிட்டது என்ற சொல்லை உறவினர்கள் மட்டுமல்ல, மருத்துவ உலகமும், அறுவைக்குப் பிறகும் நீடிக்கும் வலியின் பெயரிலேயே நெடுநாள் வைத்திருந்தது. நோயாளியின் மனத்தை அது உடைக்கிறது என்பதால், நீடிக்கும் முதுகுத்தண்டு வலி என்று சில ஆண்டுகளுக்கு முன் பெயரை மாற்றினார்கள்.

ஆகவே இப்போது எம்.ஆர்.ஐ. வேண்டாம். முதல் சில மாதங்களில் எடுத்தால், அறுத்த இடத்து வீக்கமும் தழும்பும் பழைய பிதுக்கம் போலவே படத்தில் தெரியும். வலியே இல்லாதவர்களுக்கும் அப்படித் தெரியும். அந்த அறிக்கையைப் படித்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்கள் நிறையப் பேர். பின்னால் எடுக்க நேர்ந்தால், சிறுநீரகச் சோதனையைப் பார்த்துவிட்டு, ரத்தக் குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் வகை உதவும்; தழும்பு மருந்தை ஏற்றுப் பளிச்சிடும், வட்டுத் துண்டு பளிச்சிடாது.

காத்திருக்கக் கூடாத சில நிலைகள் உண்டு. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போனாலோ, மலத்தை அடக்க முடியாவிட்டாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்தாலோ, இரண்டு கால்களும் தளர்ந்தாலோ, விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐ அழைத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போக வேண்டும்; அது மணிக்கணக்கில் முடிவாகும் விஷயம். முன்பாதம் தூக்க வராமல் தரையில் தேய்ந்தாலும் தாமதிக்காதீர்கள். வீட்டில் சுவர் ஓரமாகக் குதிகாலால் பத்தடி நடந்து பாருங்கள். இடது பாதம் இறங்கிவிட்டால் அன்றே அறுவை செய்தவரிடம் காட்டுங்கள். காய்ச்சல், தையலில் கசிவு, படுத்தாலும் புரண்டாலும் இரவெல்லாம் தெறிக்கும் இடுப்பு வலி ஆகியவை வட்டில் கிருமி தொற்றியதன் அடையாளமாக இருக்கலாம், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. சோதனைகளைப் பார்த்தாலே பெரும்பாலும் தடம் கிடைத்துவிடும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அது ரத்தம் உறைந்ததாக இருக்கலாம், அதற்கும் அன்றே போக வேண்டும்.

நீவிவிடுவது பற்றி: ஆறிய தழும்பின்மேல் வெதுவெதுப்பான எண்ணெயை வீட்டார் மெல்லத் தடவுவதில் கெடுதல் இல்லை. ஆனால் முழங்கையால் அழுத்துவது, மிதிப்பது, முறுக்கிச் சொடக்கெடுப்பது ஆகியவற்றைக் கண்டிப்பாகத் தவிருங்கள். மூடிக்கொண்டிருக்கும் கிழிசலைத் திறந்துவிட அவை போதும். பெல்ட்டைப் பஸ் பயணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நாள் முழுதும் கட்டினால் தசை சோம்பிவிடும். பிரிகாபலின் வகை நரம்பு மாத்திரை சாப்பிட்டு வந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும்.

மருந்தைவிட நடை முக்கியம். காலையும் மாலையும் பதினைந்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். வரப்பில் வேண்டாம், சமமான சாலையில் நடங்கள்; மரத்த கால் வரப்பில் சறுக்கும், சறுக்கினால் உடம்பு தானாக முறுக்கிக்கொள்ளும். அறுவை முடிந்து நான்கு முதல் ஆறு வாரத்தில் உடற்பயிற்சி தொடங்குவோருக்கு வலியும் முடக்கமும் விரைவில் குறைகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். போய்வருவது சிரமம் என்றால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி செய்யும் ஏற்பாடு உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தரையில் சம்மணமிடும்போது இடுப்பு பின்னால் வளைந்து வட்டின் பின்பக்கம் இழுபடுகிறது என்பதால், இன்னும் சில மாதம் சாப்பாடும் கழிப்பறையும் நாற்காலி உயரத்தில் இருக்கட்டும். முக்க வேண்டிய அளவுக்கு மலச்சிக்கல் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எக்செல் வண்டியைத் தார்ச் சாலையில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். மறுநாள் வலி காலில் இறங்காவிட்டால் மெல்லக் கூட்டலாம். உதைத்துக் கிளப்புவதையும் ஸ்டாண்டில் ஏற்றுவதையும் பிள்ளைகளிடம் விடுங்கள், முன்னால் மூட்டை வைக்கவே வேண்டாம்.

குறுவையை இந்த முறை வயலில் இறங்காமல் வெளியே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். நாற்றுப் பறிப்பதும் களை எடுப்பதும் மணிக்கணக்கில் குனிந்தபடி செய்யும் வேலைகள், அவற்றுக்கு உங்கள் வட்டு இன்னும் தயாராகவில்லை. இப்போது ஐந்து கிலோ வரை, உடம்போடு ஒட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கித் தூக்கலாம். நீர் நிறைந்த குடம் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு என்பதை மறக்காதீர்கள். சம்பா நடவுக்குள் ஆறு மாதம் நெருங்கிவிடும். அதற்குள் முதுகுத் தசை தேறி, குதிகால் நடையும் சரியாக இருந்தால், அரை மணிக்கு ஒரு முறை நிமிர்ந்து நின்று வேலை செய்யலாம். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையைத் தனியாகத் தோளேற்றும் வேலையை மட்டும் இனிச் சுமைத் தொழிலாளர்களிடமே விட்டுவிடுங்கள்.