ஆன்டிஆக்ஸிடன்ட் சாப்பிட்டால் வயதாவது தள்ளிப்போகுமா?

42 வயது, கண்ணுக்குக் கீழே சுருக்கம் விழ ஆரம்பித்துவிட்டது, இணையத்தில் பார்த்த ஆன்டிஆக்ஸிடன்ட் (உடம்பை உள்ளிருந்து அரிக்கும் மூலக்கூறுகளைத் தடுக்கும் என்று சொல்லப்படும் பொருள்) மாத்திரையை மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்கலாமா, இல்லை நெல்லிக்காய், கீரை என்று சாப்பிட்டாலே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நெல்லிக்காயும் கீரையும் சாப்பிடுங்கள், மாத்திரை வேண்டாம். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏன் என்று சொல்லப்போனால் கொஞ்சம் நீளும், ஏனென்றால் இதில் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன்.

பார்மசி படித்துவிட்டுத் திருச்சியில் சின்னதாக ஒரு மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். கடை போட்ட புதிதில் ஒரு மெடிக்கல் ரெப் வந்து பீட்டா கரோட்டின் (கேரட்டுக்கு நிறம் தரும் பொருள்), வைட்டமின் ஈ, செலினியம் என்று ஆன்டிஆக்ஸிடன்ட் எல்லாம் ஒன்றாகப் போட்ட கேப்சூலைக் காட்டி, "ஸ்மோக் பண்றவங்களுக்கு ரொம்ப நல்லது சார், லங்ஸைப் பாதுகாக்கும்" என்றார். என் அப்பா அப்போது நாளைக்கு ஒரு கட்டு பீடி. விடச் சொன்னால் காதில் வாங்க மாட்டார். சரி, இதையாவது போடட்டும் என்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று வீதம் எட்டு மாதம் நானே என் கையால் கொடுத்தேன். அப்புறம் ஒருநாள் வேறு எதையோ தேடிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் பின்லாந்து விஷயம் கண்ணில் பட்டது. பகீரென்றது.

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை எடுத்துக்கொண்டு, சிலருக்கு தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், மீதிப் பேருக்கு ஒன்றும் இல்லாத வெற்று மாத்திரை என்று ஐந்து முதல் எட்டு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்ற நம்பிக்கையில்தான் செய்தார்கள். 1994-ல் முடிவு வந்தது: பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு அது 18 சதவீதம் அதிகம். ஏதோ கணக்குப் பிசகு என்று நினைக்கவும் வழியில்லை. அமெரிக்காவில் 18,000 பேருக்கு மேல் வைத்து பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-வும் சேர்த்துக் கொடுத்த இன்னொரு ஆய்வில் 28 சதவீதம் அதிகமாகி, 1996-ல் குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்பே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

இதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. அதே பின்லாந்து ஆய்வில், மாத்திரை கொடுக்க ஆரம்பிப்பதற்கு முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனையில் யாருக்கெல்லாம் பீட்டா கரோட்டின் இயல்பாகவே அதிகமாக இருந்ததோ, அதாவது காயும் பழமும் சாப்பிட்டே அந்த அளவு வந்திருந்ததோ, அவர்களுக்குப் புற்றுநோய் குறைவாகத்தான் வந்திருந்தது! அதே பொருள்தான். தட்டில் வந்தால் ஒரு மாதிரி, டப்பாவில் வந்தால் வேறு மாதிரி. காய்கறி அதிகம் சாப்பிடுகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் கொஞ்சம் ஒழுங்காக இருப்பார்கள், அது ஒரு காரணமாக இருக்கலாம். ரத்தத்தில் இருந்த பீட்டா கரோட்டின் வெறும் அடையாளம்தான், உள்ளே வேலை செய்தது கேரட்டிலும் கீரையிலும் இருக்கிற மற்ற நூறு சமாச்சாரங்கள் என்பதும் நடக்கக்கூடியதே. அளவு என்று ஒன்றும் இருக்கிறது, தினமும் 20 மில்லிகிராமை, வருடக்கணக்கில், ஒரே வடிவத்தில் நம் உடம்பு எந்தக் காலத்திலும் பார்த்ததில்லை. பீடிப் புகை போகும் நுரையீரலில் பீட்டா கரோட்டினே சிதைந்து, அந்தச் சிதைவுப் பொருள்கள் கெடுதல் செய்கின்றன என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

இந்த ஆன்டிஆக்ஸிடன்ட் மோகத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் அமெரிக்கரான டென்ஹாம் ஹார்மன். எண்ணெய் நிறுவனத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துவிட்டு, அப்புறம் மருத்துவம் படித்தவர். நாம் மூச்சு விட்டு, சோறு எரிந்து சக்தியாகும்போது 'ஃப்ரீ ராடிக்கல்' என்ற நிலையில்லாத மூலக்கூறுகள் தெறிக்கின்றன, அவை பக்கத்தில் இருக்கிற கொழுப்பு, புரதம், டிஎன்ஏ எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கின்றன, அந்த அரிப்புதான் மூப்பு என்று 1956-ல் எழுதினார். இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி என்று பலரும் உவமை சொல்வது இதைத்தான். அப்படியானால் துருவைத் தடுக்கும் பொருளைச் சாப்பிட்டால் போதுமே என்று தோன்றும், அவருக்கும் தோன்றியது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சராசரி ஆயுள் கூடியது, ஆனால் ஓர் எலி அதிகபட்சம் எவ்வளவு நாள் வாழும் என்ற எல்லை நகரவே இல்லை. (அவரே வைட்டமின் மாத்திரைகள் சாப்பிட்டு 98 வயது வரை இருந்தார், அதை வைத்து யாரும் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். அவர் ஓடவும் செய்தார்.)

அந்த உவமையில் இடிக்கிற இடம், நம் உடம்பு இரும்புக் கம்பி இல்லை என்பது. வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்வதற்கு இதே ஃப்ரீ ராடிக்கல்களைத்தான் வேண்டுமென்றே உற்பத்தி செய்கின்றன. நடந்தால், ஓடினால் தசையில் அவை கூடும், அதைப் பார்த்துத்தான் உடம்பு தன் சொந்தக் காவல் என்சைம்களைக் கூட்டிக்கொள்கிறது. ஜெர்மனியில் 2009-ல் இதைச் சோதித்தே பார்த்தார்கள். இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்து, பாதிப் பேருக்குத் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் ஈ-யும் கொடுத்தார்கள். பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பிக்கும் இல்லையா, அந்தப் பலன் மாத்திரை போட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை. வியர்க்க விறுவிறுக்க ஓடிவிட்டு வந்து மாத்திரையைப் போட்டு அதைத் துடைத்துவிட்ட மாதிரி.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். கீரை, பழம், பயறு, கொட்டை எல்லாம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறைவு, வயதான காலத்தில் படுக்கையில் விழாமல் நடமாடுவதற்கு அதுதான் பெரிய உதவி. அதில் ஆன்டிஆக்ஸிடன்ட்டின் பங்கு எவ்வளவு, நார்ச்சத்து, பொட்டாசியத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, நமக்கு அது தேவையும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய், பழம். தராசில் வைத்துப் பாருங்கள், நாம் சாம்பாரில் மிதக்கிற நாலு முருங்கைக்காய்த் துண்டை வைத்துக்கொண்டு காய் சாப்பிட்டேன் என்கிறோம்.

எங்கள் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரையோ அரைக்கீரையோ, கடைசியில் தேங்காய்ப்பூ தூவி. தேங்காய் ருசிக்கு மட்டும் இல்லை, கீரையில் இருக்கும் கரோட்டின் கொழுப்பு இருந்தால்தான் குடலில் ஏறும். தக்காளியில் இருக்கும் லைக்கோபீனும் அப்படித்தான், பச்சையாகத் தின்பதைவிட எண்ணெயில் வதக்கினால் நன்றாகச் சேரும், ஆக நம் தக்காளித் தொக்கைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, உப்பைக் குறைத்தால் சரி. நெல்லிக்காயை அரைத்துத் தயிர்ப் பச்சடி. தேன் நெல்லி வேண்டாம், அது பெரும்பாலும் சர்க்கரைப்பாகு. கொய்யா சீசனில் ஆளுக்கு ஒன்று, வைட்டமின் சி-யில் ஆரஞ்சுப் பழமே அதன் பக்கத்தில் நிற்காது. காய் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் ரசத்தில் ஊற்றிவிடுவார் என் மனைவி. மஞ்சளை மிளகோடு சேர்த்தால் அதில் இருக்கும் குர்குமின் என்ற பொருள் ரத்தத்தில் 20 மடங்கு ஏறும் என்று வாட்ஸப்பில் வருவது பொய் இல்லை, 1998-ல் பெங்களூரு ஆய்வில் வந்த கணக்கு. ஆனால் அதில் கொடுத்தது 2 கிராம் குர்குமின், நீங்கள் ரசத்தில் போடும் ஒரு சிட்டிகை மஞ்சளில் அதில் ஒரு சின்னத் துளிதான் இருக்கும்.

முகச் சுருக்கத்துக்கு வருகிறேன், நீங்கள் முதலில் கேட்டதே அதுதானே. முகத்துக்கு வயதாவதில் பெரிய பங்கு வெயிலுக்கு. ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்குக் கீழ் உள்ள 903 பேரை வைத்து நாலரை வருடம் ஓர் ஆய்வு செய்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் போடச் சொன்னவர்களுக்கு, தோன்றியபோது போட்டுக்கொண்டவர்களைவிட சருமம் முதிர்வது 24 சதவீதம் குறைவு. அதே ஆய்வில் பீட்டா கரோட்டின் மாத்திரையையும் சோதித்தார்கள். அதில் பெரிதாகப் பலன் ஒன்றும் தெரியவில்லை. என் கடையில் வாரத்துக்கு நாலு பேராவது வைட்டமின் ஈ பச்சைக் கேப்சூலைக் கேட்டு வாங்கி, ஊசியால் குத்தி முகத்தில் தடவுகிறார்கள். சன்ஸ்கிரீனை எடுத்துக் காட்டினால், "அதெல்லாம் எதுக்குண்ணே" என்று சிரிக்கிறார்கள்.

மாத்திரை எல்லாமே குப்பை என்று சொல்லவில்லை. விழித்திரையின் மையம் கெடும் நோய் இடைநிலைக்கு வந்தவர்களுக்குக் கண் மருத்துவர் எழுதித் தரும் ஆன்டிஆக்ஸிடன்ட் கலவை நிஜமாகவே உதவுகிறது, அதில்கூட பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு, கீரையில் இருக்கும் லூட்டீன் என்ற இன்னொரு பொருளைப் போடும் வழக்கம் வந்துவிட்டது.

அந்த மூன்று மாதப் பெட்டியை இன்னும் ஆர்டர் போடவில்லை என்றால் விட்டுவிடுங்கள். போட்டாயிற்று என்றால் பின்பக்க லேபிளைப் படித்து, பீட்டா கரோட்டின், வைட்டமின் ஏ, ஈ எவ்வளவு என்று பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதிக அளவு வைட்டமின் ஈ ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம், சிறுநீரகக் கல் வந்தவர் என்றால் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி பக்கம் போகாதீர்கள். சிகரெட், பீடி பழக்கம் உண்டா என்று கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் அந்தப் பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புங்கள்.