பள்ளிக்கு வந்த பணத்தை எதில் போடுவது? – கேள்வி பதில்

சேலம் மாவட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்கு வரும் மானியம், நன்கொடை பற்றிப் பெற்றோரும் ஆசிரியரும் முன்னாள் மாணவரும் கேட்டவற்றுக்கு, ஏற்காட்டிலும் சேலத்திலும் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் பதில்கள்.

ஐயா, எங்கள் பள்ளியில் 180 பிள்ளைகள் படிக்கிறார்கள். அரசு மானியம் எவ்வளவு வரும்? (பெற்றோர், ஓமலூர்)

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி, பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 101 முதல் 250 பேர் வரை ஆண்டுக்கு 50,000 ரூபாய். 1,000 பேர் வரை 75,000, அதற்கும் மேலே ஒரு லட்சம். இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். விளையாட்டுக்குத் தனியாக 25,000 வரை உண்டு. குழாய் பழுது, மின்விசிறி, பதிவேடுகள் என்று போனபின் பாடத்துக்கென மிஞ்சுவது சொற்பம். ஆகவே வெளியிலிருந்து அபூர்வமாக வரும் பணத்தையும் நுழைவாயில் வளைவுக்கும் பெயின்டுக்கும் கரைப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

முன்னாள் மாணவர்கள் சேர்ந்து மூன்று லட்சம் திரட்டியிருக்கிறோம். பத்தாம் வகுப்புக்கு டேப்லெட் வாங்கித் தரலாமா? (பெங்களூருவில் வேலை, சொந்த ஊர் ஆத்தூர்)

வேண்டாம், தம்பி. முதலில் ஒரு நாள் பள்ளிக்கு வாருங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு 432-ஐ 8-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். விடையை மட்டும் பார்க்காமல் எந்தப் படியில் பென்சில் நிற்கிறது என்று கவனியுங்கள். வகுத்தலில் தடுமாறும் பிள்ளைக்கு இயற்கணிதம் எப்படி ஏறும்? கையில் டேப்லெட் இருந்தாலும் அந்தத் தடுமாற்றம் அப்படியேதான் இருக்கும்.

உங்கள் பணத்துக்கு என் கணக்கு இது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியாக, பி.எட். முடித்த உள்ளூர்ப் பெண் ஒருவரைப் பகுதிநேரமாக அமர்த்துங்கள். மாதம் 12,000 வீதம் ஆண்டுக்குப் பத்து மாதம் என்றால், இரண்டு கல்வியாண்டுக்கு 2,40,000. மீதி 60,000-இல் பயிற்சித் தாளும் மாலையில் பிள்ளைகளுக்குச் சுண்டலும். பசித்த வயிற்றோடு ஐந்து மணிக்குக் கணக்குப் போடச் சொல்வது கொடுமை. ஆறு மாதம் கழித்து அதே பக்கத்தையும் அதே கணக்கையும் கொடுத்துப் பாருங்கள். உங்கள் பணம் என்ன செய்தது என்பது அங்கே தெரியும்.

நன்கொடையாக வந்த நுண்ணோக்கிகள் இரண்டே ஆண்டில் மங்கிவிட்டன, ஐயா. புதிதாகக் கேட்கலாமா? (அறிவியல் ஆசிரியை, ஏற்காடு)

அம்மா, லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வரும் ஊர் உங்களுடையது. துணி உறையும் மர அலமாரியும் ஈரத்தைத் தடுக்காது, பிடித்துத்தான் வைக்கும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அதில் நுண்ணோக்கியை வையுங்கள். நிறமுள்ள மணிகளாக வாங்கினால், ஈரம் குடித்ததும் அவற்றின் நிறம் மாறும். இளஞ்சூட்டில் காயவைத்தால் பழைய நிறம் திரும்பும், மறுபடியும் பயன்படுத்தலாம். செலவு சில நூறு ரூபாய்தான்.

எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, வாரந்தோறும் எடுத்துப் பயன்படுத்துவது. பழுதானவற்றைச் சுத்தம் செய்ய முடியுமா என்று சேலத்தில் விசாரித்துவிட்டுப் புதியதைக் கேளுங்கள். கேட்கும்போது பராமரிப்புக்கும் ஒரு தொகையைச் சேர்த்தே கேளுங்கள். மாணவர்கள் தாங்களே கருவிகள் செய்து பழக மத்திய அரசு பள்ளிகளில் அமைத்த அடல் டிங்கரிங் ஆய்வகத்துக்கான 20 லட்சத்தில்கூட பாதி கருவிகளுக்கு, மறுபாதி ஐந்தாண்டு நடத்துவதற்கு என்றுதான் பிரித்தார்கள். நம் ஊர் நன்கொடையாளர்கள் அந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் பிள்ளைகள் வருவதில்லை. மானியத்தில் மாலை வகுப்பு நடத்தினால் சரியாகுமா? (பெற்றோர், நாகலூர்)

மலையில் மாலை வகுப்பு எனக்கு ஒப்பில்லை. பனி இறங்கிவிடும், காட்டெருமை நடமாடும் பாதை, பஸ்ஸைத் தவறவிட்டால் நடைதான். பறிப்பு கார்த்திகைவாக்கில் சூடுபிடித்துத் தை வரை போகும், பொதுத்தேர்வோ பங்குனியில் வந்து நிற்கும். எனவே ஜூன் முதல் அக்டோபர் வரை காலையில் ஒரு மணி நேரம் கூடுதல் வகுப்பு வையுங்கள். மானியத்தைக் காலைச் சிற்றுண்டிக்கும் தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளின் ஜீப் வாடகைக்கும் செலவிடுங்கள். பறிப்புக் காலத்தில் வராத பிள்ளையின் வீட்டுக்கு வாரம் ஒரு முறை ஆசிரியர் போக வண்டிச் செலவு கொடுங்கள். தாய் தகப்பனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அந்த மாதங்களின் கூலிதான் அவர்களுக்கு ஆண்டு முழுதும் கைகொடுக்கிறது.

தொழிற்சாலைகளிடம் எப்படிக் கேட்பது? (இளைஞர், மேட்டூர்)

தயங்காமல் கேளுங்கள். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடி அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனம் கடந்த மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் அந்தச் சட்டமே சொல்கிறது. “கல்வித் தரம் உயர உதவுங்கள்” என்று எழுதினால் கடிதம் கோப்பில் தூங்கும். “ஒன்பதாம் வகுப்பில் இத்தனை பேருக்கு வகுத்தல் வரவில்லை, ஓர் ஆண்டில் வரவைக்க இவ்வளவு செலவாகும்” என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நகலை இணையுங்கள்.

கொடுத்தவர் பெயரைச் சுவரில் எழுதச் சொல்கிறார்களே? (ஆசிரியர், சங்ககிரி)

எழுதுங்கள். நன்றி சொல்வதில் குறையென்ன?

கணக்குக் கேட்டால் பள்ளியில் முகம் சுளிக்கிறார்கள், ஐயா. நான் படிக்காதவள். (தாய், வாழப்பாடி)

அம்மா, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். அது உங்கள் இடம். கூட்டத்தில் மூன்றைக் காட்டச் சொல்லுங்கள்: தீர்மானப் புத்தகம், மூன்று கடைகளின் விலைப்புள்ளிகள், இருப்புப் பதிவேடு. பதிவேட்டில் பத்து நாற்காலி என்றிருந்தால் போய் எண்ணிப் பாருங்கள். வாசிக்க உங்கள் மகளையே உடன் அழைத்துப் போங்கள்.