டிஸ்க்கிலும் நெட்வொர்க்கிலும் தரவை என்க்ரிப்ட் செய்தாயிற்று. ஜிபியூவுக்கென்று தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

வேண்டும். இந்த ஒரு சொல்லோடு போயிருப்பேன். ஆனால் கேள்விக்குக் கீழே "ஆடிட்டர் சரி என்றுவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

வாடகைக்கு எடுத்த சர்வரில், பிறருடைய அந்தரங்கத் தகவலை ஒரு மொழி மாடலுக்குக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். டிஸ்க்கில் இருக்கும்போது பூட்டு உண்டு, கம்பியில் போகும்போதும் உண்டு. கணக்குப் போட வேண்டுமானால் திறந்துதானே ஆக வேண்டும்? திறந்த தரவு சிபியூ மெமரியில் கிடக்கும், அங்கிருந்து பிசிஐஇ என்ற இணைப்பு வழியாகப் போய், மாடலின் கணக்கைப் போடும் சிப்பான ஜிபியூவின் மெமரியில் கிடக்கும். ஆடிட்டரின் எக்செல் தாளில் இந்த இடங்களுக்குக் கட்டமே கிடையாது.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் எல்லா வாடிக்கையாளருக்கும் சேர்த்து ஒரே ஜிபியூ, அதில் ஒரே சர்வர் புரோகிராம். ஒருநாள் ஒருவருக்குப் போன பதிலில் சம்பந்தமில்லாமல் ஒரு நீளமான எண் வந்து நின்றது. "மாடல் உளறுகிறது" என்றார்கள். (சௌகரியமான பதில். இப்போதெல்லாம் எந்தத் தப்பையும் மாடல் தலையில் கட்டிவிடலாம்.) எனக்கு ஒப்பவில்லை. லாகில் தேடினேன். சற்று முன் வந்திருந்த வேறொரு வாடிக்கையாளரின் கோரிக்கையில் அதே எண், ஒரு இலக்கம் பிசகாமல் இருந்தது.

காரணம் அற்பமானது. மாடலை ஓட்ட நாங்கள் வைத்திருந்த பைடார்ச் என்ற மென்பொருளில் டார்ச்.எம்ப்டி என்று மெமரி கேட்டால் இடம் மட்டும்தான் கிடைக்கும், துடைத்துத் தராது. அது போதாதென்று, வேலை முடிந்த ஜிபியூ மெமரியை பைடார்ச் வேகத்துக்காகத் தன் கையிலேயே வைத்திருந்து அடுத்து கேட்பவருக்குக் கொடுக்கும். எங்கள் குழுவில் ஒருவர் எழுதிய புரோகிராம் கோடு, கோரிக்கையின் நீளத்தை 64இன் மடங்குக்கு உயர்த்திவிட்டு, அதுதான் உண்மையான நீளம் என்று மாடலிடம் சொல்லிக்கொண்டிருந்தது. மிச்ச இடத்தை யாரும் நிரப்பவில்லை. முந்தைய ஆளின் டோக்கன்கள் (மாடல் படிப்பதற்காக எண்ணாக மாற்றிய சொல் துண்டுகள்) அப்படியே அங்கே இருந்தன.

வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று தெரியும். ஒரு கணக்கிலிருந்து 7777 என்ற டோக்கனை மட்டுமே நிரப்பி ஒரு கோரிக்கை அனுப்பினேன். அடுத்து, வேறு கணக்கிலிருந்து மூன்றே சொல். இரண்டாவது கோரிக்கையின் பஃபரை, அதாவது அதற்கு ஒதுக்கிய மெமரியை, அச்சிட்டுக் காட்டினால், மூன்று சொல்லுக்குப் பின்னால் வரிசையாக 7777, 7777, 7777. கூட்டத்தில் அதன் பிறகு மாடல் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

"இது உங்கள் கோடின் கோளாறு, ஜிபியூ என்ன செய்யும்?" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2024 ஜனவரியில் டிரெயில் ஆஃப் பிட்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட லெஃப்ட்ஓவர்லோக்கல்ஸ் ஓட்டையையும் படித்துவிட்டு வாருங்கள். ஏஎம்டி, ஆப்பிள், குவால்காம், இமாஜினேஷன் ஜிபியூக்களில், ஒரு புரோகிராம் லோக்கல் மெமரியில் (ஜிபியூவுக்குள் இருக்கும் சின்ன, வேகமான மெமரி) விட்டுப்போனதை வேறொரு புரோகிராம் படிக்க முடிந்தது. ரேடியான் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டியில் 700 கோடி பாராமீட்டர் மாடலிடம் ஒரு கேள்வி கேட்டால் சுமார் 181 எம்பி கசிந்தது. பதிலைக் கிட்டத்தட்ட அப்படியே திரும்ப எழுதிவிட அது போதும். என்விடியா கார்டுகளில் இந்த ஓட்டை தென்படவில்லை. இதைச் சொன்னதற்காக என்னை அந்தக் கம்பெனியின் ஆள் ஆக்கிவிடாதீர்கள்.

சரி, கான்ஃபிடென்ஷியல் கம்ப்யூட்டிங். கணக்குப் போடும்போதும் தரவு சர்வர்காரர் கண்ணில் படாமல் வைப்பதற்குத்தான் இந்தப் பெயர். என்விடியா எச்100இல் இந்த வசதி உண்டு, ஆனால் ஜிபியூ மட்டும் இருந்தால் போதாது. சிபியூ பக்கம் ஏஎம்டியின் எஸ்இவி-எஸ்என்பி அல்லது இன்டெலின் டிடிஎக்ஸ் (மெமரியைச் சர்வர்காரரிடமிருந்தும் பூட்டி வைக்கும் வசதிகள்) கொண்ட விர்ச்சுவல் மெஷின் வேண்டும். அந்த மெஷினின் மெமரிக்குள் ஜிபியூவாலும் நேரடியாக நுழைய முடியாது. அதனால் தரவை ஏஇஎஸ்-ஜிசிஎம் என்ற முறையில் என்க்ரிப்ட் செய்து நடுவில் ஒரு பொது பஃபரில் வைப்பார்கள், ஜிபியூ அதை எடுத்து உள்ளே போய்த் திறக்கும். சின்னச் சின்னதாக அடிக்கடி அனுப்பினால் இது இழுக்கும். ஒருமுறை ஏற்றி நிறையக் கணக்குப் போட்டால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ஜிபியூவுக்குள் இருக்கும் எச்பிஎம் மெமரி என்க்ரிப்ட் ஆவதில்லை, சிப்போடு ஒரே பேக்கேஜில் இருப்பதால் அதை நம்புகிறார்கள். விற்பனைப் பிரசுரத்தில் இந்த வரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இத்தனையும் சர்வர் வைத்திருப்பவரிடமிருந்துதான் உங்களைக் காப்பாற்றும். எங்களுக்கு நடந்ததை இது தடுத்திருக்காது. அங்கே கசிந்தது ஒரே புரோகிராமுக்குள், இரண்டு வாடிக்கையாளருக்கு நடுவில். அதற்கு மருந்து ஜீரோ நிரப்புவதும், ஆளுக்கொரு புராசஸ் கொடுப்பதும்தான்.

இவ்வளவும் நடந்த அதே இடத்தில் எங்கள் லேப்டாப்பின் யூஎஸ்பி துளைகளை அடைத்து வைத்திருந்தார்கள். மாதா மாதம் பாஸ்வேர்டை வேறு மாற்ற வேண்டும். காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017இலேயே எழுதிவிட்டது. அதை அனுப்பி வைத்தால் "பாலிசி" என்று ஒரே சொல்லில் பதில் வரும். ஜிபியூ மெமரியைப் பார்க்கும் டூலுக்கு அனுமதி கேட்டு நான் அலைந்த அலைச்சலை இங்கே எழுதினால் பதில் இரட்டிப்பாகிவிடும், விடுங்கள்.

உங்களுக்கு: வாடகைக்கு விடுபவரிடம் ஜிபியூ முழுசாகத் தருகிறாரா, எம்ஐஜி போட்டு ஹார்ட்வேரிலேயே துண்டாகப் பிரிக்கிறாரா, டைம்-ஸ்லைசிங்கா (முழு ஜிபியூவையும் பலருக்கு முறை வைத்துக் கொடுப்பது) என்று எழுத்தில் கேளுங்கள். எம்ஐஜியில் போல மெமரியை ஹார்ட்வேரிலேயே பிரித்து வைப்பது டைம்-ஸ்லைசிங்கில் கிடையாது. கான்ஃபிடென்ஷியல் மோடில் ஓட்டினால், அட்டெஸ்டேஷன் அறிக்கையை (ஜிபியூ அசல்தான், அந்த மோடில்தான் ஓடுகிறது என்று ஹார்ட்வேர் கையெழுத்திட்டுத் தரும் சான்று) வாங்கிக் கோப்பில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். கையெழுத்தையும் ஃபர்ம்வேர் பதிப்பையும் சரிபார்த்த பிறகே டிக்ரிப்ஷன் கீ போகும்படி கோடு எழுதுங்கள். அறிக்கையை வேண்டுமென்றே கெடுத்து அனுப்பி, கீ வராமல் நிற்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.