மெஷ் ஒத்துக்கலைங்களா டாக்டர்?

கேள்வி: வயது 54. சோமனூர் பக்கம் விசைத்தறி வைத்திருக்கிறேன். ஐந்து மாதத்துக்கு முன்பு வலப்பக்கக் குடலிறக்கத்துக்குக் கிழித்து ஆப்பரேசன் செய்து, குடல் பிதுங்காமல் தாங்க மெஷ் என்கிற வலை வைத்தார்கள். செய்த டாக்டர் “எல்லாம் நல்லா இருக்கு” என்கிறார். எனக்கோ தையலுக்குக் கீழே மரத்துக் கிடக்கிறது. எக்ஸ்எல் வண்டியில் கொஞ்ச தூரம் போனாலே தொடை இடுக்கில் சுருக்கென்று இழுக்கிறது. பாவு நூல் சுற்றிய கனமான பீம் தூக்கப் பயமாக இருக்கிறது. மச்சானுக்குச் சின்னத் துளை போட்டு லேப்ராஸ்கோப்பியில் செய்தார்கள். பத்தே நாளில் தோட்டத்துக்குப் போய்விட்டார். எனக்கு மெஷ் ஒத்துக்கொள்ளவில்லையா? எடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு எடுக்க வேண்டாங்க. உங்கள் டாக்டர் சொன்னதும் பொய்யில்லை, நீங்கள் சொல்வதும் பொய்யில்லை. இருமச் சொல்லிக் கை வைத்துப் பார்க்கும்போது வீக்கம் தட்டவில்லை, புண் ஆறிவிட்டது என்றால் எங்கள் கணக்கில் அது நல்ல ஆப்பரேசன். வண்டியில் நிம்மதியாக உட்கார முடிகிறதா என்பதை நாங்கள் வெகுகாலம் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறோம். அமெரிக்காவின் வட கரோலினா மருத்துவர்கள் மெஷ் வைத்தவர்களுக்கென்றே ஒரு கேள்வித்தாள் செய்திருக்கிறார்கள். படுப்பது, குனிவது, இருமுவது, நடப்பது, படியேறுவது என்று எட்டு வேலைகள். அவற்றில் வலி, உறுத்தல், அசைவுத் தடை எவ்வளவு என்று 0 முதல் 5 வரை மதிப்பெண். அடுத்த முறை போகும்போது “வலிக்குதுங்க” என்று மட்டும் சொல்லாமல், பீம் ஏற்றுவது, தறியடியில் குனிந்து இழை முடிவது, வண்டி ஓட்டுவது என உங்கள் வேலைகளை எழுதி, பக்கத்தில் மதிப்பெண் போட்டுக் கொண்டுபோங்கள். அதற்குப் பிறகு எந்த டாக்டரும் “நல்லா இருக்கு” என்று சீட்டை மடக்க முடியாது.

மரத்துப்போவதும் வலியும் வேறு வேறு. அந்த இடத்தில் தோலுக்குப் போகும் மெல்லிய நரம்புகள் மூன்று ஓடுகின்றன. கிழித்துச் செய்யும்போது அவை அடிபடலாம். மரத்த இடம் மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கும். உள்ளங்கை அளவுக்கு நிலைத்தும் போகலாம். அதனால் கெடுதல் இல்லை.

இழுக்கும் வலிதான் கவனிக்க வேண்டியது. மூன்று மாதம் தாண்டியும் வேலையைக் கெடுக்கும் வலி, ஏறத்தாழ 100 பேரில் 10 முதல் 12 பேருக்கு இருக்கிறது. ஆப்பரேசனுக்கு முன்பே இதைச் சொல்லியிருக்க வேண்டும். பல இடங்களில் சொல்வதில்லை. நரம்பு தையலிலோ தழும்பிலோ மாட்டியிருக்கலாம், மெஷ் ஓரம் மடங்கியிருக்கலாம், குடலிறக்கம் மறுபடி தலைகாட்டியிருக்கலாம். “ஒத்துக்கொள்ளாமை” அபூர்வம். பெரும்பாலான மெஷ் பாலிப்ரொப்பிலீனில் செய்தது; அதே பொருளில்தான் தையல் நூலும் செய்கிறோம்.

முதலில் ஒரு ஸ்கேன். பிறகு நரம்பு வலிக்கான மாத்திரை. அதிலும் அடங்காவிட்டால் நரம்பை மரக்கச் செய்யும் ஊசி. வலி உடனே விட்டால் எந்த நரம்பு என்பதும் தெரிந்துவிடும். மெஷ் எடுப்பது கடைசி வழி. அது இந்நேரம் சதையோடு சதையாகிவிட்டது. பிரிக்கும்போது விரைக்குப் போகும் ரத்தக்குழாய் சேதமாகலாம், குடலிறக்கமும் திரும்பலாம்.

மச்சானோடு ஒப்பிடாதீர்கள். லேப்ராஸ்கோப்பியில் நாள்பட்ட வலி சற்றுக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் ஆப்பரேசனுக்கு முன்பு உங்களுக்கு எவ்வளவு வலி இருந்தது என்று எழுதவில்லையே! முன்பே நன்றாக வலித்தவர்களுக்குப் பின்னாலும் வலி தங்கும் வாய்ப்பு அதிகம். வலியே இல்லாமல் வெறும் வீக்கத்துக்குச் செய்துகொண்டவருக்கோ இப்போதுள்ள சின்ன இழுப்பும் பெரிதாகப் படும்.

நீங்கள் கேட்காத ஒன்று: தாம்பத்தியத்தின்போது, விந்து வெளியேறும்போது வலி இருக்கிறதா? இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அதுவும் நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், மருத்துவம் உண்டு.

பீம்? ஸ்கேனில் குறை இல்லையென்றால், ஐந்து மாதத்துக்குப் பிறகு பாரம் தூக்கி மெஷ் கிழியும் என்ற பயம் வேண்டாம். இரண்டு பேராகப் பிடியுங்கள், சின்ன பாரத்தில் தொடங்குங்கள். எனக்குக் கவலை, அடிவயிற்றை அழுத்தும் பஞ்சுத் தூசி இருமல்தான். பீம் எப்போதோ ஒருமுறை, இருமல் நாள் முழுக்க. மாஸ்க் போடுங்கள், பீடி இருந்தால் விடுங்கள், மலச்சிக்கல் வரவிடாதீர்கள்.

வீக்கம் திடீரென வெளியே வந்து உள்ளே போகாமல் வலித்தாலோ, கூடவே வாந்தி எடுத்தாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தழும்பு சிவந்து காய்ச்சல் வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.