தூளி கட்டுவதற்காகப் பிறந்த சைக்கிள்

கேள்வி: பழைய சைக்கிள்களில் பிரேம் வடிவமே வித்தியாசமாக இருக்கும் அபூர்வமான ஒன்றைச் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்? அந்த வடிவத்தால் உண்மையிலேயே பயன் உண்டா, பார்வைக்கு மட்டும்தானா?

யோசிக்கவே வேண்டாம், டர்ஸ்லி பெடர்சன்தான். இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் பகுதியில் உள்ள டர்ஸ்லி என்ற சிறிய ஊரில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவான சைக்கிள். படத்தில் முதல்முறை பார்ப்பவர்களுக்கு, யாரோ சைக்கிளையும் இரும்புப் பாலத்தையும் சேர்த்து வரைந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். மெல்லிய குழாய்கள் முக்கோணம் முக்கோணமாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடும். சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் கயிற்றால் பின்னிய ஒரு தூளி தொங்கும்.

இதைச் செய்தவர் மிக்கேல் பெடர்சன். 1855-ல் டென்மார்க்கில் பிறந்தவர், பாலிலிருந்து கிரீமைப் பிரிக்கும் இயந்திரம் ஒன்றை வடிவமைத்தவர். அந்த இயந்திரத்தை டர்ஸ்லியில் இருந்த லிஸ்டர் கம்பெனி தயாரித்து விற்றது. அந்தத் தொடர்பில்தான் 1893-ல் அங்கே குடியேறினார். சைக்கிள் ஓட்டுவதில் அவருக்குப் பிரியம் அதிகம், ஆனால் அந்தக் காலத்துத் தோல் சீட்டு மட்டும் ஒத்துவரவில்லை. கொஞ்ச தூரம் போனாலே உடம்பு வலித்தது. அதனால் சீட்டைத்தான் முதலில் மாற்றினார். கயிற்றைப் பின்னி, முன்பக்கம் குறுகலாகவும் பின்பக்கம் அகலமாகவும் ஒரு தூளி செய்தார். அப்போதைய சாதாரண சீட்டின் எடை ஏறக்குறைய 3 பவுண்டு, அதாவது ஒன்றேகால் கிலோவுக்கும் மேல். இவருடைய தூளி சுமார் 4 அவுன்ஸ், 110 கிராம் பக்கம்.

சரி, தூளி தயார். அதை எங்கே கட்டுவது? சாதாரண பிரேமில் சீட்டைத் தாங்குவது ஒரே ஒரு குழாய். தூளிக்கோ முன்னால் ஒரு முனை, பின்னால் ஒரு முனை என்று இரண்டு இடம் வேண்டும். இரண்டும் உட்காருகிறவரின் எடையால் உள்நோக்கி இழுபடும், அந்த இழுப்புக்கு வளைந்து கொடுக்கவும் கூடாது. இருக்கிற பிரேமில் எதையாவது ஒட்டுப்போட்டுச் சமாளிக்க அவர் முயலவில்லை. தூளியை அப்படியே வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி முழு சைக்கிளையும் புதிதாக வரைந்தார். இந்த ஒரு முடிவுக்காகவே எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை. முதல் மாதிரியை மரத்திலேயே செய்து ஓட்டிப் பார்த்திருக்கிறார்.

மரத்தில் எப்படித் தாங்கும் என்று கேட்பீர்கள். இந்த வடிவத்தின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. நாம் தினமும் பார்க்கும் டைமண்ட் பிரேமில் பின்பாதி ஒழுங்கான முக்கோணம். முன்பாதி அப்படி இல்லை: ஹேண்டில்பார் நுழையும் குட்டிக் குழாய் குறுக்கே வருவதால் அது நான்கு பக்கம் கொண்ட உருவமாகிவிடுகிறது. நான்கு பக்க உருவத்தை மூலையில் அழுத்தினால் கோணலாகும். முக்கோணம் அப்படி ஆகாது. கோணலாகாமல் பிடித்து நிறுத்த, டைமண்ட் பிரேமில் குழாய்களையும் மூட்டுகளையும் பருமனாக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அங்கே குழாய் வளைவைத் தாங்குகிறது. பெடர்சனின் பிரேமில் எல்லாமே முக்கோணம் என்பதால் ஒவ்வொரு குழாய்க்கும் ஒன்று இழுவிசை, இல்லையென்றால் அழுத்தம், அவ்வளவுதான் வேலை. வளைக்கும் விசை பெரும்பாலும் வராது. ரயில் பாலங்களில் ஒல்லியான சட்டங்களை முக்கோணமாக அடுக்கியிருப்பதும் இதே கணக்கில்தான்.

ஆனால் ஒல்லியான நீளக் குழாயை அழுத்தினால் நடுவில் பிதுங்கி மடங்கிவிடும். அதற்குத்தான் இந்த பிரேமில் குழாய்கள் இரட்டை இரட்டையாக வருகின்றன. பின்சக்கர அச்சின் இரண்டு பக்கத்திலிருந்தும், பெடல் அச்சிலிருந்தும் ஜோடியாக எழுந்து, நடுவில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, மேலே ஒரு முனையில் சேர்கின்றன. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கும் இதே குடும்பம்தான். மேலே குவிந்து கீழே அச்சை நோக்கி விரியும் மெல்லிய குழாய்களின் கட்டு அது.

ஒரு பழைய சைக்கிள் கண்காட்சியில் ஒன்றைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். படங்களில் பிடிபடாத இரண்டு விஷயங்கள் அங்கே பிடிபட்டன. குழாய்கள் உண்மையிலேயே விரல் கனம்தான், ஆனால் அவை கூடும் இடங்களைப் பார்த்தால் ஒரே புள்ளியை நோக்கி நான்கைந்து வந்து சேர்கின்றன, ஒன்றுகூட அரை அங்குலம் தள்ளிப் போகவில்லை. அந்தக் கோணங்களையெல்லாம் கையால் அளந்து, பற்றவைத்து, எதுவும் முறுக்கிக்கொள்ளாமல் எடுத்திருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன். இன்னொன்று தூளி. உரிமையாளர் அனுமதியோடு உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன். பின்பக்கம் அமுங்கும்போது கயிறுகள் எல்லாம் சேர்ந்து கையின் வடிவத்துக்கு வந்தன, முன்பக்கப் பட்டை மட்டும் விறைப்பாக நின்றது. உட்காருகிறவரின் உடம்பு எப்படியோ அப்படி மாறிக்கொள்கிற சீட்டு அது. அடியில் காற்றும் ஓடும்.

வித்தியாசமான பிரேம்கள் வேறு இல்லையா என்றால், இருக்கின்றன. 1930களில் லண்டனில் ஹெட்சின்ஸ் செய்த சைக்கிள்களில் பின்சக்கரத்தைப் பிடிக்கும் குழாய்கள் அழகாக நெளிந்து வரும். அதே காலத்தில் பிராட்ஃபோர்டில் பெய்ன்ஸ் செய்த பிரேமில், இரண்டு சக்கரத்துக்கும் நடுவிலுள்ள தூரத்தைக் குறைக்க சீட்டுக் குழாயைச் செங்குத்தாக நிறுத்திவிட்டார்கள். பென்ஜமின் பௌடன் என்பவரின் ஸ்பேஸ்லேண்டர் 1946-ல் லண்டன் கண்காட்சி ஒன்றில் மாதிரியாகக் காட்டப்பட்டு, 1960-ல் அமெரிக்காவில் கண்ணாடியிழை உடலோடு சில நூறு மட்டும் விற்றது. எல்லாமே பார்க்க வேண்டியவைதான். ஆனால் ஹெட்சின்ஸின் நெளிவை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டாலும் சைக்கிள் ஓடும். ஸ்பேஸ்லேண்டரின் வளைவுகள் கண்ணுக்காக வரையப்பட்டவை. பெடர்சனில் ஒரு குழாயை எடுத்தால் தூளி தொங்காது. உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிக்கு இதுதான் என் பதில்.

குறை இல்லாமலும் இல்லை. தூளி கட்டும் முனைகள் பிரேமோடு சேர்ந்தவை என்பதால், சீட்டை நினைத்தபடி ஏற்றி இறக்க முடியாது. ஆளின் உயரத்துக்கு ஏற்ற பிரேமைத்தான் வாங்க வேண்டும், அதனால் பல அளவுகளில் செய்து விற்றார்கள். மிதிக்கும்போது தூளி இடமும் வலமும் லேசாக ஆடும், சிலருக்கு அது கடைசிவரை பழகாது. மூட்டுகள் அதிகம், அதனால் செய்கூலியும் அதிகம். டைமண்ட் பிரேமை ஆயிரக்கணக்கில் மலிவாகச் செய்துகொண்டிருந்த கம்பெனிகளோடு இது எப்படிப் போட்டி போடும்? காப்புரிமை 1893-லேயே வந்துவிட்டது, விற்பனை 1897 வாக்கில்தான் தொடங்கியது. பிறகு லிஸ்டர் கம்பெனியே தயாரிப்பை எடுத்துக்கொண்டது. முதல் உலகப் போர்க் காலத்தோடு உற்பத்தி நின்றுபோனது. மிச்சமிருப்பவை அபூர்வமாக இருப்பதற்கு இதெல்லாம்தான் காரணம்.

பெடர்சன் இதற்கென்று, பின்சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள் அடங்கும் 3 வேக கியர் ஒன்றையும் செய்தார். ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற கம்பெனியின் ஹப் கியர் நடுப்பல்லைச் சுற்றி ஓடும் குட்டிப் பற்சக்கரங்களால் வேலை செய்கிறது. இவருடையதிலோ ஹப்புக்கு உள்ளேயே இன்னொரு சிறு அச்சு தனியாக இருக்கும். புத்திசாலித்தனம் இருந்த அளவுக்குப் பணம் சேரவில்லை. கடைசியில் டென்மார்க் திரும்பி, 1929-ல் வறுமையில் இறந்தார். 1995-ல் அவருடைய உடலின் எச்சங்களை டர்ஸ்லிக்குக் கொண்டுவந்து அந்த ஊர்க்காரர்கள் மறுபடி அடக்கம் செய்தார்கள். ஏறத்தாழ நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு சைக்கிளுக்காக ஒரு ஊர் இதைச் செய்திருக்கிறது என்று படித்தபோது மனசு நிறைந்துவிட்டது.

அப்புறம் ஒரு நல்ல செய்தி. 1978-ல் கோபன்ஹேகனின் கிறிஸ்டியானியா பகுதியில் யெஸ்பர் சோலிங் என்பவர் இந்த வடிவத்தை மறுபடி செய்ய ஆரம்பித்தார். பிறகு வேறு சிலரும் செய்தார்கள். ஆகவே தெருவில் ஓடும் ஒரு பெடர்சனைக் கண்டால், அது நூறு வருஷப் பழையது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். பிரேக்கையும் பின்சக்கர ஹப்பையும் பாருங்கள், இக்காலத்துப் பாகங்கள் என்றால் பெரும்பாலும் பிரேமும் புதியதாக இருக்கும். அதனால் மதிப்புக் குறைந்துவிடாது. ஓட்டிப் பார்க்க யாராவது கொடுத்தால், உங்கள் உயரத்துக்கு அந்த பிரேம் பொருந்துகிறதா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். பொருந்தாத பெடர்சனில் ஏறிவிட்டு தூளியைக் குறை சொல்வது நியாயமில்லை.